அத்தியாயம் 6: தேய்ந்த இன்ஜினுக்கு வீட்டிலேயே மறுபிறப்பு

குப்பத்திலிருந்து பலமனேர் போகும் சாலையில் சாந்திபுரம் பக்கம் அரைமணி நேரம் நின்றால் போதும், மூன்று மாநில நம்பர் பிளேட்டும் கண்ணில் படும். சித்தூரின் பழைய ஏ.பி. 03, கிருஷ்ணகிரியின் டி.என். 24, கோலார் தங்கவயலின் கே.ஏ. 08. பிளேட் எதுவாக இருந்தாலும் அடிக்கடி காதில் விழும் சத்தம் ஒன்றுதான்: படுத்த நிலையில் இருக்கும் 97.2 சிசி ஹீரோ ஹோண்டா இன்ஜின். 1985-இல் வந்த சிடி 100, 1994-இல் வந்த ஸ்பிளெண்டர் இரண்டிலும் இருப்பது இந்த வகைதான். இதன் மூதாதை 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப். இன்றைய ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனம் 2018-இல் அடிக்கல் நாட்டிய ஆலை, அன்றைய சித்தூர் மாவட்டத்துச் சத்தியவேட்டில் இருக்கிறது. இப்போது அது திருப்பதி மாவட்டம்.

முதன்முறையாக இன்ஜினைப் பிரிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இன்ஜின் கிடைக்காது. அமைப்பு எளிமை. பாகங்கள் மண்டல் தலைநகரக் கடைகளிலேயே கிடைக்கும். இந்த அத்தியாயம் கார்பரேட்டர் கொண்ட பழைய ஸ்பிளெண்டர், பேஷன், சிடி 100 வகைகளை வைத்தே எழுதப்பட்டது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கிறது, சென்சார்களும் உண்டு. அவற்றுக்கும் உள்வேலை ஏறக்குறைய இதேதான் என்றாலும் முதல் முயற்சிக்கு ஏற்றவை அல்ல.

வீட்டு வேலை எது, பட்டறை வேலை எது என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். கழற்றுவது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது வீட்டில். பிளாக்கைப் போர் செய்வது (உட்சுவரை அகலமாகக் கடைவது), கிராங்க் பின்னை அழுத்திக் கழற்றிப் பூட்டுவது, வால்வு சீட் வெட்டுவது மூன்றும் லேத் பட்டறையில். இந்த எல்லையைத் தாண்டி வீட்டில் சுத்தியலோடு உட்கார்ந்தால் பணமும் போகும், இன்ஜினும் போகும்.

பிரிப்பதற்கு முன்: தேய்ந்தது எது?

புகை வந்தாலே போர் செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது அவசரம். புகையின் நிறத்தையும், அது வரும் நேரத்தையும் கவனித்தால் பாதி விஷயம் பிடிபடும்.

ஆக்சிலரேட்டர் முறுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் ரிங்கோ பிளாக்கோ தேய்ந்திருக்கிறது. சிறிது நேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது மட்டும் நீலப்புகை ஒரு வீச்சு வந்து நின்றால் வால்வு சீல் போயிருக்கலாம். அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். கறுப்புப் புகை கார்பரேட்டர் வேலை. மார்கழிக் காலையில் வரும் வெள்ளை ஆவி இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம், கவலை வேண்டாம்.

சத்தமும் பேசும். மேலே ஹெட்டில் ‘டிக் டிக்’ என்றால் டேப்பெட் அல்லது ராக்கர். இடப்பக்கம் சரசரவென உரசினால் டைமிங் செயின். மேடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக ‘டக் டக்’ என்று இடித்தால் கனெக்டிங் ராடு கிராங்கோடு சேருமிடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங். கடைசிச் சத்தம் கேட்காதவரை கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. நன்றாக இருக்கும் அடிப்பகுதியை “எப்படியும் கழற்றிவிட்டோமே” என்று திறப்பது வீட்டு மெக்கானிக்குகளின் பழைய வியாதி.

குறிப்பு: கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார்ப்பது வழக்கம். அளவு ஏறினால் ரிங் தேய்மானம் என்று பொருள். ஆனால் இந்த இன்ஜினில் பிளாக் படுத்திருப்பதால் ஆயில் அடிப்பக்கமே தேங்கும். எனவே இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது.

உண்மையான குற்றவாளி

இந்த வட்டாரத்தில் இன்ஜின்கள் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குப்பம் பக்கம் கிரானைட் குவாரிகள், கல் ஏற்றிய லாரிகள், செம்மண் கிளைச்சாலைகள். கல்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளே போனாலும் ரிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் அரைத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே இன்ஜினைத் தொடும் முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். ஃபில்டர் கிழிந்திருக்கிறதா, பெட்டிக்கும் கார்பரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, கிளிப் இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும். குழாயின் உட்புறம் விரலால் தடவும்போது நறநறவென்று மண் ஒட்டினால் தேய்மானத்தின் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. அதை மாற்றாமல் புது பிஸ்டன் போட்டால் அடுத்த வருடமே மறுபடி புகை கிளம்பும். போர் செய்தும் புகை நிற்கவில்லை என்று லேத் காரரைத் திட்டுபவர்களில் பலர் இந்த ரப்பர் குழாயைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

தேவையான கருவிகள்

டி ஸ்பேனர்களும் பாக்ஸ் ஸ்பேனர்களும் (8, 10, 12, 14, 17 மி.மீ.), ஃபீலர் கேஜ், நல்ல டார்க் ரெஞ்ச், கிராங்க் கேஸ் கவர் திருகுகளுக்கு இம்பாக்ட் டிரைவர், மேக்னெட் புல்லர், வால்வு ஸ்பிரிங் அழுத்தி, சர்க்ளிப் பிளையர். துடைக்க பனியன் வேஸ்ட். இதற்கெல்லாம் மேலாக வண்டிக்கான சர்வீஸ் மேனுவல். இங்கே தரப்படும் அளவுகள் பொதுவானவை. மாடலும் வருடமும் மாறினால் அளவும் மாறும், அப்போது மேனுவல் சொல்வதே சரி.

கவர் திருகுகள் ஸ்டார் தலை கொண்டவை, வருடக்கணக்கில் இறுகிக் கிடப்பவை. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் தம் கட்டித் திருகினால் தலை மழுங்கிவிடும். இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் நேராக ஓர் அடி. முக்கால்வாசி திருகுகள் அசைந்து கொடுக்கும்.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போக வேண்டாம்

பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவது ஊர்ப் பழக்கம். ஆபத்தான பழக்கமும்கூட. மூடிய அறையில் பெட்ரோல் ஆவி தரையோடு தேங்கி, பக்கத்து அறை அடுப்பு வரை போய்த் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ போதும், அதுவும் திறந்தவெளியில். பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். ஏர் கம்ப்ரஸரால் ஊதும்போது கண்ணாடி அணிய வேண்டும். புதுப்பித்த இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்வது முற்றத்தில், மூடிய அறையில் அல்ல. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பழைய ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் கடையில் கொடுத்துவிடலாம்.

பிரிக்கும் வரிசை

1. வண்டியை வெளிப்புறம் நன்றாகக் கழுவிக் காயவிடவும். அழுக்கு இன்ஜினைத் திறப்பது மண்ணை உள்ளே அழைப்பதற்குச் சமம்.
2. பேட்டரி வயரைக் கழற்றவும். பெட்ரோல் குழாயை மூடி, டேங்கை எடுத்துத் தனியே வைக்கவும்.
3. இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது ஆயிலை வடிக்கவும். வடிந்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்க்கவும். வெள்ளித்தூள் போல மினுமினுத்தால் ஏதோ பேரிங் அரைபட்டிருக்கிறது.
4. சைலன்ஸர், கார்பரேட்டர், செயின், கியர் லீவர், கிளட்ச் கேபிள், வயர் இணைப்புகள் என்ற வரிசையில் பிரித்து, மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றி இன்ஜினை இறக்கவும். இறக்க இரண்டு பேர் வேண்டும்.
5. ஒவ்வொரு நிலையிலும் செல்போனில் படம் எடுக்கவும். ஓர் அட்டைப் பெட்டியில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுத் திருகுகளைச் செருகி வைக்கவும். கவர் திருகுகள் நீளத்தில் வேறுபடும். நீளத் திருகு குட்டைத் துளையில் போனால் அலுமினியத்தில் மரை போகும்.
6. இடப்பக்கக் கவரின் இரண்டு மூடிகளையும் திறந்து மேக்னெட்டை இடஞ்சுழியாகச் சுற்றி, ‘டி’ குறி கவரிலுள்ள கோட்டுக்கு நேர் வரும்படி நிறுத்தவும். இரண்டு டேப்பெட்டும் தளர்ந்திருந்தால் அதுவே கம்ப்ரஷன் டிடிசி (அமுக்கத்தின் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை).
7. டென்ஷனரைத் தளர்த்தி, கேம் ஸ்பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றவும். டைமிங் செயினை ஒரு கம்பியால் கட்டிவைக்கவும். செயின் உள்ளே விழுந்தால் எடுப்பதற்குள் நாள் போய்விடும்.
8. ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும். நட்டுகளும் வாஷர்களும் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. செம்பு வாஷர் எந்த மூலையில் இருந்தது என்று எழுதிவைக்க வேண்டும்; மாறினால் ஆயில் கசியும்.
9. ஹெட், பிறகு பிளாக். ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டவும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பக்கூடாது.
10. பிளாக் வெளியே வந்ததும் கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைக்கவும். பிறகுதான் பிஸ்டன் சர்க்ளிப்பைத் தொட வேண்டும்.

இந்த வகை இன்ஜின்களில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலப்பக்கக் கவருக்குள் சுழலும் வட்ட ஃபில்டர் ஒன்றும், அடியில் ஒரு கம்பி வலையும்தான் ஆயிலைச் சுத்தம் செய்கின்றன. வட்ட ஃபில்டரின் மூடியைத் திறந்தால், சுவரோடு சுவராகக் கறுப்புப் பசை ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் ஈரக்களிமண் போல வரும். விரல்களுக்கு இடையில் தேய்த்தால் பொடிப்பொடியாக உறுத்தும். பல வருடமாக இன்ஜின் தின்ற கல்தூளும் உலோகத்தூளும் அதுதான். ஆயில் மாற்றியே பழகியவர்களில் பெரும்பாலோர் இந்த மூடியைத் திறந்ததே இல்லை. இதைச் சுரண்டிக் கழுவாமல் பூட்டுவது பெரிய தவறு.

அளப்பது

இந்த இன்ஜினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. பிளாக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை முறையாக அளக்க போர் கேஜ் வேண்டும். அது பட்டறையில்தான் இருக்கும். வீட்டில் ஒரு குறுக்கு வழி உண்டு.

பழைய ரிங் ஒன்றை பிளாக்குக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளவும். தேய்மானம் அதிகமாக இருக்கும் மேற்பகுதியில் ரிங் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். பிறகு ரிங் உரசாத அடிவிளிம்பில் அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் பிளாக்கின் விட்டம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று கிடைக்கும். மேலே 0.60, கீழே 0.29 என்றால் வித்தியாசம் 0.31, அதாவது பிளாக் மேலே சுமார் 0.1 மி.மீ. அகன்றிருக்கிறது. அந்த நிலையில் ரிங் மட்டும் மாற்றுவது வீண் செலவு, போர் செய்தே ஆக வேண்டும். நகம் தட்டும் ஆழத்தில் நெடுக்குக் கீறல் இருந்தாலும் அதே முடிவுதான்.

அடுத்தது கனெக்டிங் ராடு. கிராங்கை மேலே கொண்டுவந்து ராடை இரு கையாலும் பிடித்து, அதன் நீளவாக்கில் இழுத்துத் தள்ளவும். துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. ‘டக்’ என்றால் பிக் எண்ட் போயிற்று; கிராங்க் பட்டறைக்குப் போகவேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு. அதைப் பார்த்து பயந்து கிராங்கைக் கழற்றியவர்கள் ஏராளம்.

வால்வுகள் சரியாக அமர்கின்றனவா என்று பார்க்க, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எரியறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றவும். சில நிமிடம் கழித்து இன்லெட், எக்ஸாஸ்ட் துளைகளில் கசிவு தெரிந்தால் லேப்பிங் (பேஸ்ட் தடவி வால்வை அதன் சீட்டில் தேய்த்து அமர்த்துவது) தேவை.

பட்டறைக்குப் போகும்போது

போர் வேலைக்கு முன்பே பிஸ்டனை வாங்கிவிட வேண்டும். பிளாக்கையும் புது பிஸ்டனையும் சேர்த்தே கொடுக்கவும். பிஸ்டனை அளந்து அதற்கேற்ப பிளாக்கை வெட்டுவதுதான் முறை. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி வெட்டுவது முறையல்ல. ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கும். தேய்மானத்தை முழுவதும் நீக்கும் மிகச்சிறிய படியே போதும். அடுத்த முறைக்கும் இரும்பு மிச்சமிருக்க வேண்டும். கடைசிப் படிவரை போனாலும் இன்ஜின் 97.2-லிருந்து சுமார் 101 சிசி ஆகும், அவ்வளவுதான். “பெரிய பிஸ்டன் போட்டால் பறக்கும்” என்பதை இந்தக் கணக்கு முடித்துவைக்கும்.

வாங்கும் கடை முக்கியம். சென்னை செம்பியத்தில் 1949 முதல் இயங்கும் இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் சரக்கோ, கம்பெனி அசல் சரக்கோ வாங்குவது நல்லது. உள்ளூரில் சைஸ் கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோடும் சென்னை ஜி.பி. ரோடும் இருக்கின்றன.

எச்சரிக்கை: கேடிஎம் டியூக் போன்ற வண்டிகளில் பிளாக்கின் உட்புறம் கடினமான பூச்சு கொண்டது. அதைப் போர் செய்யக்கூடாது.

கழுவுதல்: பலர் தவறவிடும் இடம்

போர் செய்து ஹோனிங் போட்ட பிளாக்கில் உராய்வுத்தூள் நிறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் அலசினால் அது போகாது. வெந்நீரில் சோப்புப் பவுடர் கலந்து பிரஷால் தேய்க்கவும். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவவும். காய்ந்த உடனே இன்ஜின் ஆயில் தடவ வேண்டும், தாமதித்தால் துரு பிடிக்கும். வால்வு லேப்பிங் பேஸ்ட்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

பூட்டும் வரிசை

1. பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டவும். புது கேஸ்கெட் செட், ஓ-ரிங்குகள், வால்வு சீல்கள், சர்க்ளிப்புகள் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். பழைய சர்க்ளிப்பை மறுபடி போடவே கூடாது.
2. புது ரிங்கை பிளாக்கில் வைத்து வாய் இடைவெளியைச் சரிபார்க்கவும். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை வழக்கமான அளவு. வாய் முட்டிக்கொண்டால் சூட்டில் ரிங் விரிய இடமின்றி பிளாக்கைக் கீறிவிடும்.
3. ரிங்குகளில் எழுத்துள்ள பக்கம் மேலே. வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி இருக்க வேண்டும்.
4. பிஸ்டன் தலையிலுள்ள ‘ஐஎன்’ குறி இன்லெட் பக்கம், அதாவது கார்பரேட்டர் இருக்கும் மேற்பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் வால்வு பள்ளங்கள் மாறிவிடும்.
5. பிஸ்டன் பின்னையும் சர்க்ளிப்பையும் போட்டு, சர்க்ளிப்பின் வாய் பிஸ்டனிலுள்ள வெட்டுக்கு நேர் வராமல் திருப்பவும்.
6. டவல் பின்கள், பேஸ் கேஸ்கெட், ஆயில் தடவிய பிளாக். ரிங்குகளை விரல்களால் அழுத்தியபடி பிளாக்கை மெல்ல இறக்கவும். இறங்க மறுத்தால் நிறுத்த வேண்டும். தட்டினால் ரிங் உடையும்.
7. ஹெட்டை வைத்து நட்டுகளைக் குறுக்காக இரண்டு மூன்று சுற்றில் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்கவும். சாதாரண 6 மி.மீ. கவர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். கை பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல.
8. மேக்னெட்டின் ‘டி’ குறி கோட்டுக்கு நேர், கேம் ஸ்பிராக்கெட்டின் ‘ஓ’ குறி ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேர். இரண்டும் ஒன்றாக நின்ற பிறகே போல்ட் போட்டு டென்ஷனரை விடவும்.
9. மேக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவும். எங்காவது தட்டினால் கிக்கரைத் தொடக்கூடாது. குறிகளை மறுபடி பார்க்க வேண்டும்.
10. இன்ஜின் குளிர்ந்த நிலையில் டேப்பெட் இடைவெளி வைக்கவும். பழைய 100 சிசி ஹீரோ ஹோண்டாக்களில் இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. வழக்கம்.

குறிப்பு: அனபாண்ட் பசையைக் காகித கேஸ்கெட் மேல் அள்ளிப் பூசத் தேவையில்லை. உள்பக்கம் பிதுங்கும் பசை உடைந்து ஆயில் துளையை அடைத்தால், கேம் ஷாஃப்ட் ஆயிலின்றித் தேயும்.

முதல் கிக், முதல் 500 கிலோமீட்டர்

ஆயில் ஊற்றும்போது ஒரு விஷயம்: முழுவதும் பிரித்துப் பூட்டிய இன்ஜின், சாதாரண ஆயில் மாற்றத்தைவிடச் சற்று அதிகம் கேட்கும். அளவுக் குச்சியைத் திருகாமல், வெறுமனே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றி, பிளக் கேப்பை எர்த் ஆகும்படி பழைய பிளக்கோடு இன்ஜினில் ஒட்டி வைத்து, இருபது முப்பது கிக் கொடுக்கவும். ஆயில் மேலேறட்டும். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் டேப்பெட் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கவும். ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது. வராவிட்டால் உடனே ஆஃப். முதல் சில நிமிடங்கள், பூட்டும்போது தடவிய ஆயில் எரிந்து புகை வரும்; அது தானே அடங்கும்.

நீண்டநேரம் ஐடிலில் விட்டு “செட் ஆகட்டும்” என்று காத்திருப்பது தவறான பழக்கம். ரிங் அமர்வதற்கு மிதமான சுமை வேண்டும். வண்டியை ஓட்டி, வேகத்தை ஏற்றி இறக்கி, பிறகு முழுவதும் ஆறவிட வேண்டும். ஆறியதும் டேப்பெட்டை மறுபடி பார்க்கவும். முதல் 500 கி.மீ. வரை மணிக்கு 50 கி.மீ.க்குள், பாரம் ஏற்றாமல் ஓட்டவும். 500-ஆவது கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, கம்பி வலையையும் கழுவவும். குவாரிச் சாலையில் ஓடும் வண்டியாக இருந்தால் ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

கிராங்க் கேஸ் உடைந்து வேறு கேஸ் போட நேர்ந்தால், இன்ஜின் நம்பர் மாறுவதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் கிடைக்கும் கேஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

1,000 கி.மீ. தாண்டியும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ஆயில் பிராண்டை மாற்றிப் பார்ப்பதிலோ, மேலே ஏதேனும் மருந்து ஊற்றுவதிலோ பயனில்லை. பிளாக்கை மறுபடி கழற்றி ரிங் வாயையும் எழுத்துப் பக்கத்தையும் பார்ப்பதே வழி. முதல்முறை போல அதற்குப் பல நாள் பிடிக்காது. ஒரு கேஸ்கெட் செட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.